ஏப்ரல் 23 'இன்றைய நாள்' குறிப்பு: எந்தத் தேதி நிற்கும், எது விழும்?

தேதிப்பெட்டி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வாசகர் குழு ஒன்றுக்குத் தினமும் ஒரு பக்க அளவில் 'இன்றைய நாள்' குறிப்பு தயாராகிறது. நான்கு பகுதி: அன்று கடைப்பிடிக்கப்படும் நாட்கள், வரலாற்றில் அன்று, பிறந்தவர்கள் மறைந்தவர்கள், கடைசியில் சொந்தச் சிந்தனையாக ஐந்தாறு வரி. ஏப்ரல் 23-க்குத் திரட்டியது இது:

நாட்கள்: உலகப் புத்தக நாள் (ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டெஸும் ஒரே நாளில் இறந்ததன் நினைவாக), ஐ.நா. ஆங்கில மொழி நாள், இங்கிலாந்தின் காவல் புனிதரான புனித ஜார்ஜ் நாள், துருக்கியின் தேசிய இறையாண்மை மற்றும் குழந்தைகள் நாள்.

வரலாறு: 1014 அயர்லாந்தில் க்ளொன்டார்ஃப் போர், 1661 இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் முடிசூட்டல், 1920 துருக்கிப் பேரவை தொடக்கம், 1967 சோயுஸ் 1 விண்கல விபத்தில் சோவியத் விண்வெளி வீரர் கொமரோவ் பலி, 2005 யூடியூபில் முதல் வீடியோ.

பிறந்தவர்கள்: ஷேக்ஸ்பியர் 1564, ஓவியர் டர்னர் 1775, இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் 1858, இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் 1891, எழுத்தாளர் நபக்கோவ் 1899, நடிகை ஷெர்லி டெம்பிள் 1928.

மறைந்தவர்கள்: ஷேக்ஸ்பியர், செர்வான்டெஸ் 1616, வேர்ட்ஸ்வொர்த் 1850 (80 வயது), சத்யஜித் ராய் 1992 (71 வயது).

சரிபார்க்க உட்கார்ந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு தேதி, மூன்று தேதி வருகிறது. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்குவது? பழைய நாட்காட்டித் தேதிகளை இன்றைய நாட்காட்டிக்கு மாற்ற வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் வரிவரியாகப் பார்த்துச் சொன்னால் நல்லது.


பழங்கணக்கு:

நாட்காட்டியிலிருந்து ஆரம்பிப்போம். உங்கள் பட்டியலில் பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

1582-ல் போப் பதிமூன்றாம் கிரிகோரி பழைய ஜூலியன் நாட்காட்டியைத் திருத்தினார்; திருத்தியதுதான் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன். ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி எல்லாம் உடனே மாறிவிட்டன. அங்கே அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி. இங்கிலாந்து 1752 வரை அசையவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு அடுத்தது செப்டம்பர் 14. ரஷ்யாவில் 1918 ஜனவரி 31-க்கு அடுத்து பிப்ரவரி 14. கிரீஸ் 1923-ல்தான் வந்து சேர்ந்தது. ஆகவே ஒரு தேதியைப் பார்த்ததும் கேட்க வேண்டியது "எந்த ஊரில்?" என்பதுதான். ஆண்டு மட்டும் தெரிந்தால் போதாது.

உங்கள் முதல் வரியே இதில் விழுந்துவிடுகிறது. செர்வான்டெஸ் இறந்தது ஸ்பெயினில், கிரிகோரியன் கணக்கில், 1616 ஏப்ரல் 22 வெள்ளிக்கிழமை. 23 என்பது அடக்கம் செய்த நாள். ஷேக்ஸ்பியர் இறந்தது இங்கிலாந்தில், ஜூலியன் கணக்கில் ஏப்ரல் 23. அங்கே அன்று செவ்வாய்க்கிழமை. ஸ்பெயினில் ஏப்ரல் 23 என்று எழுதிய நாளோ சனிக்கிழமை. தேதி ஒன்று, கிழமை வேறு, அதாவது நாளே வேறு. ஷேக்ஸ்பியரின் நாளை கிரிகோரியனுக்கு மாற்றினால் மே 3. இரண்டு மரணங்களுக்கும் நடுவில் 11 நாள் இடைவெளி.

இதே அச்சில் வார்த்த இன்னொரு பழங்கதை, கலீலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்பது. கலீலியோ இறந்தது கிரிகோரியனில் 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது ஜூலியனில் 1642 டிசம்பர் 25. கிரிகோரியனில் அது 1643 ஜனவரி 4. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்தால் கதை காலி.

மாற்றுவதற்கான கணக்கு: ஜூலியன் தேதியோடு கூட்ட வேண்டிய நாட்கள் 1582 முதல் 1700 பிப்ரவரி முடிய 10, 1700 மார்ச் முதல் 1800 பிப்ரவரி முடிய 11, அங்கிருந்து 1900 பிப்ரவரி முடிய 12, 1900 மார்ச் முதல் 2100 பிப்ரவரி முடிய 13. நூறில் முடியும் ஆண்டுகளில் 400-ஆல் வகுபடாதவற்றை ஜூலியன் லீப் ஆண்டாக வைத்துக்கொள்ளும், கிரிகோரியன் வைத்துக்கொள்ளாது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூடுகிறது. 2000-ல் கூடவில்லை.

அடிக்கடி நடக்கும் பிழை, எந்த நூற்றாண்டாக இருந்தாலும் 13-ஐக் கூட்டிவிடுவது. நபக்கோவ் அதற்கு நல்ல உதாரணம். பிறந்தது ரஷ்யாவில், ஜூலியனில் 1899 ஏப்ரல் 10. பத்தொன்பதாம் நூற்றாண்டு என்பதால் 12 கூட்ட வேண்டும்: ஏப்ரல் 22. ஆனால் 1900 மார்ச்சில் வித்தியாசம் 13 ஆகிவிட்டது. ஆகவே அவருடைய முதல் பிறந்தநாளே கிரிகோரியனில் 23-ல் வந்தது, பிற்பாடு அவர் கொண்டாடியதும் 23-ல்தான். உங்கள் குறிப்பில் "பிறந்தது ஏப்ரல் 22, பிறந்தநாள் கொண்டாடியது 23" என்று ஒரு வரி போடலாம். சும்மா பெயரைப் போடுவதைவிட அது நல்ல செய்தி.

புரோகோஃபியெவ் வேறு ரகம். அவர் நம்பியது ஜூலியன் ஏப்ரல் 11. 12 கூட்டினால் 23. பிறப்புச் சான்றிதழில் இருப்பது ஏப்ரல் 15; 12 கூட்டினால் 27. இங்கே மாற்றுக் கணக்கு இரண்டிலும் சரி, மூலத் தேதிதான் இரண்டாக இருக்கிறது. இவரை 27-க்கு நகர்த்திவிடுங்கள்.

மற்றவை. 1014 க்ளொன்டார்ஃபை மாற்றவே கூடாது. 1582-க்கு முந்தைய தேதிகளை ஜூலியனிலேயே விட்டுவிடுவதுதான் எல்லோரும் பின்பற்றும் மரபு. போர் நடந்தது புனித வெள்ளியன்று. 1014 ஏப்ரல் 23-க்கு ஜூலியனில் கிழமை போட்டுப் பாருங்கள், வெள்ளிதான் வரும். இப்படிக் கிழமை சொல்லும் பழைய மூலம் கிடைத்தால் விடாதீர்கள், அதைவிட மலிவான சோதனை கிடையாது. 1661 முடிசூட்டலும் அப்படியே 23-ல் இருக்கட்டும், இங்கிலாந்துக்கு 1752 வரை அவர்கள் எழுதிய தேதிதான். துருக்கி 1920 பற்றிக் கவலையே வேண்டாம். நாள் வித்தியாசத்தை அவர்கள் 1917-லேயே நீக்கிவிட்டார்கள்.

ஏப்ரல் தேதிகளில் இல்லாத ஒரு கண்ணி ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை உண்டு. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். அதனால் அன்றைய ஏட்டில் 1648 ஜனவரி 30 என்றிருக்கும் முதலாம் சார்லஸின் மரண தண்டனை, நம் கணக்கில் 1649. அந்த மாதங்களுக்குக் குறிப்பு எழுதும்போது நாளை மாற்றாமல் ஆண்டை மட்டும் திருத்துவார்கள். அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாள் விதிவிலக்கு: ஏட்டில் 1731 பிப்ரவரி 11, இன்று உலகம் சொல்வது 1732 பிப்ரவரி 22. நாளும் மாறியது, ஆண்டும் மாறியது.


மெய்ப்புப்பேனா:

பழங்கணக்கு ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பிறந்தவர்கள் பட்டியலில் நாட்காட்டியைவிடப் பெரிய பிரச்சினை வேறு: பதிவேட்டில் இருப்பது என்ன என்று பார்க்காமலே 'பிறந்தார்' என்று எழுதிவிடுகிறோம்.

ஷேக்ஸ்பியருக்கு இருக்கும் ஆவணம் 1564 ஏப்ரல் 26 ஞானஸ்நானப் பதிவு, அவ்வளவுதான். 23 என்பது மரபு. மூன்று நாள் முன்னால் பிறந்திருக்கலாம் என்ற ஊகமும், இறந்த தேதியோடு பொருந்துகிறதே என்ற ஆசையும் சேர்ந்து நின்றுவிட்டது. அவருடைய ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் தேவாலயத்தில் உள்ள நினைவுச் சின்னம் 1616 ஏப்ரல் 23-ல், 53-வது வயதில் இறந்ததாகச் சொல்கிறது. 53-வது வயது நடந்தது என்றால் 52 முடிந்திருக்க வேண்டும். அப்படியானால் பிறந்தது ஏப்ரல் 23 அல்லது அதற்குச் சற்று முன்னால். 24, 25 என்று சொல்ல இடமில்லை. இவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும். "ஏப்ரல் 23-ல் பிறந்ததாகக் கருதப்படுகிறது, ஞானஸ்நானம் 26" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

டர்னர் விஷயத்தில் அந்தத் தேதிக்கு அவர் வாய்ச்சொல்தான் ஆதாரம். ஞானஸ்நானம் 1775 மே 14. இடைவெளி மூன்று வாரம், ஏப்ரல் 23 என்று அவரே சொல்லிக்கொண்டது, அவ்வளவுதான். ஷேக்ஸ்பியரும் புனித ஜார்ஜும் சேர்ந்த நாளை ஓர் ஆங்கில ஓவியர் விரும்பித் தேர்ந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது என் சந்தேகம். சந்தேகத்தை அச்சில் ஏற்ற வேண்டாம். "தாம் பிறந்த நாள் என்று டர்னர் கூறியது" போதும்.

ஒரு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், ஆண்டு, இடம், எந்த நாட்காட்டி, பதிவின் வகை, முதல் மூலம், இரண்டாம் மூலம் என்று ஏழு பத்திகள். இதில் ஐந்தாவதுதான் உயிர். அதில் 'பிறப்பு' என்றோ 'இறப்பு' என்றோ பொத்தாம்பொதுவாக நிரப்பக் கூடாது. பிறப்புப் பதிவு, ஞானஸ்நானம், சொந்தக் கூற்று, மரபு, இறப்பு, அடக்கம், கையெழுத்தான நாள், அமலுக்கு வந்த நாள், அறிவித்த நாள்: இவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். செர்வான்டெஸுக்கு அந்தக் கட்டத்தில் 'அடக்கம்' என்று விழுந்திருந்தால் 23-ல் இறந்தார் என்ற வரி உருவாகியே இருக்காது.

நிகழ்வுகளுக்கும் இது பொருந்தும். ஐ.நா. சாசனம் கையெழுத்தானது 1945 ஜூன் 26, அமலுக்கு வந்தது அக்டோபர் 24. ஐ.நா. நாள் அக்டோபர் 24-ல் வருவது அதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் கையெழுத்தானது 1946 ஜூலை 22, அமலானது 1948 ஏப்ரல் 7. உலக சுகாதார நாள் எந்தத் தேதி என்று உங்களுக்கே தெரியும்.

மூலம் இரண்டு என்றால் ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு. 'வரலாற்றில் இன்று' பட்டியல்கள் நூறு இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றின் நகல். ஒரே தவறு, ஒரே வரிசை, ஒரே எழுத்துப்பிழையோடு நான்கு இடத்தில் இருந்தால் அது ஒரு மூலம். விக்கிப்பீடியாவில் தேதிப் பக்கத்தை எடுக்காதீர்கள். அந்த நபரின் பக்கத்துக்குப் போங்கள், அங்கே அடிக்குறிப்பு இருக்கும். இரண்டும் முரண்பட்டால் நபரின் பக்கத்தை நம்புங்கள்.

வயது: வேர்ட்ஸ்வொர்த்துக்கு 80 சரி. 1770 ஏப்ரல் 7-ல் பிறந்தவர், இறக்கும்போது பிறந்தநாள் கடந்துவிட்டது. ராய்க்கு 71 தவறு. 1921 மே 2-ல் பிறந்தவர், 1992 ஏப்ரல் 23-ல் இன்னும் ஒன்பது நாள் பாக்கி. எனவே 70. ஆண்டை மட்டும் கழித்தால் இப்படித்தான் ஆகும்.


நடுநிசி:

மேலே இருவரும் தொடாதது நேர மண்டலம். சுருக்கமாகவே சொல்கிறேன்.

யூடியூபின் முதல் வீடியோ ஏறியது அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி 2005 ஏப்ரல் 23 இரவு எட்டரை வாக்கில். யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) 24 அதிகாலை மூன்றரை வாக்கில், இந்திய நேரத்தில் 24 காலை ஒன்பது வாக்கில். 23 என்றும் 24 என்றும் நீங்கள் பார்த்திருந்தால் காரணம் இதுதான், இரண்டும் தவறில்லை. நிகழ்ந்த இடத்தின் தேதியை எடுத்தால் உங்கள் பட்டியலில் 23-லேயே இருக்கலாம்.

சோயுஸ் 1-ல் இரண்டு நாட்கள் கலந்துவிட்டன. ஏவியது ஏப்ரல் 23, மாஸ்கோ நேரம் அதிகாலை 3.35. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது 22 மாலை. கொமரோவ் இறந்தது அடுத்த நாள், 24-ல், பூமிக்குத் திரும்பும்போது முதன்மைப் பாராசூட் விரியாமல் போனதால். 23-க்கு எழுதினால் "ஏவப்பட்டது" என்று மட்டும் எழுதி, மரணத்தை 24-க்கு வையுங்கள்.

நள்ளிரவை ஒட்டி நடந்தது, கண்டம் தாண்டி நடந்தது, விண்வெளியில் நடந்தது: இந்த மூன்றுக்கும் மணியோடு எடுங்கள். அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது யுடிசி-யில் 1969 ஜூலை 20 இரவு 8.17. முதல் காலடி ஜூலை 21 அதிகாலை 2.56. அமெரிக்கக் கடிகாரத்தில் இரண்டுமே 20-ல் அடங்கிவிடும். இந்தியக் கடிகாரத்தில் இரண்டுமே 21. பேர்ல் ஹார்பர் தாக்குதல் ஹவாயில் டிசம்பர் 7, ஜப்பானில் டிசம்பர் 8.

இன்னொன்று, செய்தித்தாளை மூலமாக வைத்தால் இதழின் தேதியை நிகழ்வின் தேதியாக எடுக்காதீர்கள். காலைப் பதிப்பில் வந்தது முந்தைய நாளின் செய்தி. 'நேற்று' என்ற சொல் செய்திக்குள் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.


குறிப்பேடு:

அனுசரிப்பு நாட்கள் என் பக்கம்.

ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கேள்வி: அறிவித்தது யார், எந்த ஆண்டு, தேதி நிலையானதா நகர்வதா. யார் என்று தெரியாத நாளை நான் எடுப்பதே இல்லை. விற்பனைக்காகவும் விளம்பரத்துக்காகவும் உண்டான 'உலக நாட்கள்' நூற்றுக்கணக்கில் உலவுகின்றன. 'உலக' என்ற முன்னொட்டைப் போட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஐ.நா. பொதுச்சபை, யுனெஸ்கோ போன்ற ஐ.நா. அமைப்பு, ஒரு நாட்டின் அரசு, ஒரு சமயம் என எது அறிவித்தது என்பதை அடைமொழியாகவே எழுதிவிடுங்கள்.

உலகப் புத்தகம் மற்றும் பதிப்புரிமை நாள்: யுனெஸ்கோ பொது மாநாடு, 1995. காரணமாக அவர்கள் சொல்வது மூவரை: ஷேக்ஸ்பியர், செர்வான்டெஸ், பெருவில் பிறந்து ஸ்பெயினில் மறைந்த எழுத்தாளர் இன்கா கார்சிலாசோ டெ லா வேகா. உங்கள் வரியில் மூன்றாமவர் விடுபட்டிருக்கிறார். இந்த நாள் யுனெஸ்கோவுக்கும் மூத்தது. ஸ்பெயினில் 1926-லேயே புத்தக நாள் தொடங்கிவிட்டது, அப்போது அக்டோபர் 7-ல். 1930-ல் ஏப்ரல் 23-க்கு மாற்றினார்கள். கட்டலோனியாவில் அது புனித ஜார்ஜ் நாளோடு ஒட்டிக்கொண்டு ரோஜாவும் புத்தகமும் பரிமாறும் நாளாகிவிட்டது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மட்டும் உலகப் புத்தக நாள் மார்ச்சின் முதல் வியாழன். உங்கள் வாசகர்களில் அங்கே இருப்பவர்கள் கேட்பார்கள், ஒரு வரி போட்டுவிடுங்கள்.

ஐ.நா. மொழி நாட்கள் 2010-ல் வந்தவை. ஏப்ரல் 23 ஆங்கிலத்துக்கு மட்டுமில்லை, ஸ்பானிய மொழிக்கும் அதே நாள்தான். பழைய பட்டியல்கள் ஸ்பானியத்துக்கு அக்டோபர் 12 என்று வைத்திருக்கும், பின்னால் மாற்றப்பட்டது.

புனித ஜார்ஜ் நாள் நிலையானது மாதிரித் தெரியும், ஆனால் நகரும். ஏப்ரல் 23 புனித வாரத்திலோ (ஈஸ்டருக்கு முந்தைய வாரம்) ஈஸ்டர் வாரத்திலோ விழுந்தால், இங்கிலாந்துத் திருச்சபை அதை ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறைத் தாண்டித் திங்களுக்குத் தள்ளிவிடும். 2011-ல் ஈஸ்டர் ஏப்ரல் 24. ஜார்ஜ் நாள் மே 2-க்குப் போனது. ஜூலியன் கணக்கைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளுக்கு அவர்களுடைய ஏப்ரல் 23, நமக்கு மே 6. பழங்கணக்கு சொன்ன அந்த 13-ஐ இங்கே சரியாகப் பயன்படுத்தலாம்.

கிழமையில் தொங்கும் நாட்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். ஏப்ரலின் நான்காம் வியாழன் தகவல் தொழில்நுட்பத்தில் பெண் குழந்தைகளுக்கான நாள், அறிவித்தது ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு. இது 22-க்கும் 28-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழும். 2026-ல் சரியாக 23. போன ஆண்டுக் குறிப்பை அப்படியே எடுத்து ஆண்டை மட்டும் மாற்றுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். நிலையான நாளாகத் தெரிவதும் ஒரு காலத்தில் நகர்ந்திருக்கும்: சர்வதேச அமைதி நாளை 1981-ல் செப்டம்பரின் மூன்றாம் செவ்வாய் என்று வைத்தார்கள், 2001-ல் எடுத்த முடிவின்படி 2002 முதல் செப்டம்பர் 21.

அறிவித்த ஆண்டும் முதலில் கடைப்பிடித்த ஆண்டும் ஒன்றல்ல. உலக நீர் நாளுக்கான தீர்மானம் 1992 டிசம்பர், முதல் நீர் நாள் 1993 மார்ச் 22. "எத்தனையாவது" என்று எண்ணும்போது முதலில் கடைப்பிடித்த ஆண்டிலிருந்து எண்ணுங்கள்.


தேதிப்பெட்டி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஷீட் தயார். இரண்டு சந்தேகம் பாக்கி. இவ்வளவு அடைப்புக்குறியும் விளக்கமும் சேர்ந்தால் பக்கம் நிரம்பிவிடாதா, எத்தனை உருப்படி வைப்பது? அடுத்து, சிந்தனைப் பகுதிக்கு இப்படி எழுதி வைத்திருந்தேன்: "இரு பெரும் மேதைகள் ஒரே நாளில் விண்ணுலகம் சென்றது காலத்தின் விந்தை அல்லவா! புத்தகங்களே நம் உற்ற நண்பர்கள். இன்று முதல் தினமும் பத்துப் பக்கம் படிக்க உறுதி ஏற்போம்." இதை என்ன செய்யலாம்?


மெய்ப்புப்பேனா:

எண்ணிக்கைக்கு என் கணக்கு: நாட்கள் 2, வரலாறு 3, பிறப்பு 3, மறைவு 2, சிந்தனை ஒரு பத்தி. மொத்தம் 200 முதல் 250 சொல். விளக்கம் எல்லாவற்றுக்கும் வேண்டாம். சர்ச்சை உள்ள தேதிக்கு மட்டும் ஆறேழு சொல்லில் முடியுங்கள். சர்ச்சை இல்லாத பிளாங்க், வேர்ட்ஸ்வொர்த், ஷெர்லி டெம்பிள் போன்றவர்களுக்குப் பெயர், ஆண்டு, எதற்காக அறியப்பட்டவர், அத்தோடு சரி. ஆறேழு சொல்லில் விளக்க முடியாத தேதி என்றால் அந்த உருப்படியையே விட்டுவிடலாம், புரோகோஃபியெவை அனுப்பியதுபோல.

தேர்வில் ஒரே துறை குவியாமல் பாருங்கள். இந்த நாளில் எழுத்தாளர்கள் நிறைந்துவிடுவார்கள்; பிளாங்கும் சோயுஸும் அதைச் சமன்செய்யும்.


பழங்கணக்கு:

சிந்தனைப் பகுதியை முழுவதும் மாற்றுங்கள். அதன் முதல் வாக்கியமே ஒரே நாள் மரணம் என்ற தவறான தகவலின் மேல் நிற்கிறது. மேல் பகுதியில் திருத்திவிட்டுக் கீழே அதையே வியந்தால் வாசகர் சிரிப்பார். உறுதிமொழி வேண்டவே வேண்டாம், அது பள்ளி விழா மேடைக்கு உரியது. அன்றைய உருப்படிகளில் ஒன்றை மட்டும் எடுத்து, மேலே சொல்லாத ஒரு விவரத்தைச் சேர்த்து, உங்களுக்கு அதில் என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். மாதிரிக்கு:

"1616-ல் ஸ்பெயினில் ஏப்ரல் 23 சனிக்கிழமை, செர்வான்டெஸை அன்று அடக்கம் செய்தார்கள். இங்கிலாந்தில் ஏப்ரல் 23 வர இன்னும் பத்து நாள் இருந்தது. மட்ரிட்டில் எழுதிய கடிதம் லண்டனுக்கு ஒரு வாரத்தில் வந்து சேர்ந்திருந்தால், எழுதிய தேதிக்கு முன்னாலேயே வந்ததாகத் தோன்றியிருக்கும். இரு நாட்டு வணிகர்களும் தூதர்களும் கடிதத்தில் இரண்டு தேதியையும் மேலும் கீழுமாக எழுதிப் பழகியது இந்தத் தொல்லையால்தான். நமக்கு ஒரு தேதி போதும் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அந்தக் கடிதங்களைப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது."

ஐம்பது சொல்லுக்குக் கொஞ்சம் கூட. இதில் உங்கள் குரல் வராத இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.


நடுநிசி:

மாதிரி நன்றாக இருக்கிறது. ஆனால் 'மட்ரிட்டிலிருந்து ஒரு வாரத்தில்' என்பது அந்தக் காலத்துக்கு ரொம்ப வேகம். "எவ்வளவு விரைவாக வந்தாலும்" என்று தொடங்கி, "எழுதிய தேதிக்கும் வந்த தேதிக்கும் நடுவில் பத்து நாள் காணாமல் போயிருக்கும்" என்று முடித்தால் பயண நாள் எத்தனையானாலும் கணக்கு நிற்கும்.


தேதிப்பெட்டி:

அப்படியே மாற்றிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: 'எத்தனையாவது பிறந்தநாள்' என்று போடுவதில் ஏதாவது முறை உண்டா? பிளாங்குக்கு 2026-ல் 168 என்று வைத்திருக்கிறேன்.


குறிப்பேடு:

168 சரி. பிறந்த அன்று பூஜ்யம், முதலாம் ஆண்டு நிறைவு 1859-ல். பிழை வருவது '150-வது பிறந்தநாள்' என்பதையும் '150-வது ஆண்டு தொடக்கம்' என்பதையும் கலக்கும்போது. இரண்டுக்கும் நடுவில் சரியாக ஓராண்டு. விழாக் குழுவினர் பெரும்பாலும் தொடக்கத்தில் ஆரம்பித்து நிறைவில் முடிப்பார்கள், அதனால் இரண்டு ஆண்டும் பத்திரிகையில் வரும். நீங்கள் நிறைவை மட்டும் எண்ணுங்கள்.

கி.மு. தேதி வந்தால் கூட்டி ஒன்றைக் கழியுங்கள், பூஜ்யம் என்ற ஆண்டு கிடையாது. ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44 மார்ச் 15. 2000 ஆண்டு நிறைந்தது 1957-ல், 1956-ல் இல்லை.

பிளாங்க் வரியில் நோபல் பரிசு எழுதப்போகிறீர்கள் என்றால் "1918-ல் பெற்றார்" என்று போடாதீர்கள். அது 1918-ம் ஆண்டுக்கான பரிசு. அந்த ஆண்டு யாருக்கும் தராமல் நிறுத்திவைத்து, 1919-ல்தான் அவருக்கு வழங்கினார்கள். "1918-க்கான இயற்பியல் நோபல்" என்றால் சரியாக இருக்கும்.